நாற்பத்திரண்டாவது பாட்டில்

தங்கதுரை போர்வெல் வண்டியோடு போன ஊர்களைக் குறித்தால் இந்திய வரைபடமே சல்லடையாகிவிடும். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும், கடைசி அடியில் வந்த கல்தூளைப் பாட்டிலில் அடைத்து ஊரையும் ஆழத்தையும் எழுதி வைப்பார். மொத்தம் நாற்பத்தொன்று.

அலமாரியைத் துடைத்த மனைவி விஜயலட்சுமி நாற்பத்திரண்டாவதை எடுத்தாள்.

"இன்னாய்யா, நம்ம வூட்டுல எப்ப போர் போட்ட?"

'சொந்த வீடு, 610 அடி.' அவர் கையெழுத்தேதான்.

"போட்டிருந்தா நீ ஏண்டி தெருக்குழாயில சண்டை போட்டுக்கினு நிக்கிற?" என்று சிரித்தார். சிரித்த கையோடு பாட்டிலைக் கோமுகி அணையில் வீசிவிட்டும் வந்தார்.

மறுநாள் காலை அது அலமாரியில் ஈரமாக நின்றது. இப்போது 640 அடி. மூடியைத் திறந்தார். இப்போதுதான் துளைத்தெடுத்ததுபோல் தூள் சுட்டது.

"லட்சுமி, கட்டில் மேல ஏறு."

தரையில் அவள் வைத்த டம்ளரில் காபி வட்டம் வட்டமாக அதிர்ந்துகொண்டிருந்தது.