காரணம் மட்டும் கேட்கக் கூடாது

"எங்க அப்பா பங்கு எனக்கு வேணும், சித்தப்பா."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அப்பாவின் காரியம் முடிந்ததும் மகள் கேட்டாள், கேஸும் போட்டாள். இப்போது தன் வக்கீல் அறையில் மறுபடியும் கேட்டாள். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை.

எதிரே சித்தப்பா திருட்டு முழி முழித்தார். கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய வலது கையை வழக்கம்போல மேஜைக்கு அடியில் வைத்திருந்தார்.

வக்கீல் சமரச ஒப்பந்தத்தை நீட்டினார். "அட்டைப்பெட்டிக் கம்பெனியில சரிபாதி உங்களுக்கும்மா. சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை வெக்கிறார். உங்க அப்பா தன் பங்கை ஏன் தம்பிக்கு எழுதிக் கொடுத்தார்னு கேட்கக் கூடாதாம்."

"ஏன், கேட்டா சாயம் வெளுத்துடுமா?"

"வாயை அடக்குடி." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எதுக்கு அடக்கணும்? அப்பா தோள்ல உட்கார்ந்து அந்தக் கம்பெனியைச் சுத்தி வந்தவ நான். அட்டை வெட்டுற மிஷின்ல பச்சையா எரியுமே ஒரு பட்டன், அதுகூட ஞாபகம் இருக்கு. அப்புறம்தான் என்னை அந்தப் பக்கமே விடல."

அம்மாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தார். செய்த குற்றம் முகத்தில் அப்பிக் கிடக்கிறது என்று மகள் நினைத்தாள்.

"சரி, நானே சொல்றேன். விரல் போன கையைக் காட்டி அழுதிருப்பீங்க. எங்கப்பா ஏமாந்தவர், எழுதிக் கொடுத்துட்டார். நாலு விரலுக்குப் பாதிக் கம்பெனி. நல்ல வியாபாரம்."

அம்மா நிமிர்ந்தாள். "மிஷினை நிறுத்திட்டுத்தான்டி உன் சித்தப்பா உள்ள கையை விட்டார். சிக்கின அட்டையை எடுக்க. அது தானா ஓடல."

"அண்ணி, வேண்டாம்," என்றார் சித்தப்பா.

"தானா ஓடலைன்னா பின்ன யாரு..."

பாதியில் நிறுத்தினாள்.

பேனாவை மூடினாள். கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தைச் சித்தப்பா பக்கம் தள்ளினாள். "கேஸை வாபஸ் வாங்கிடுங்க சார். பங்கும் வேண்டாம்."

எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கதவைத் திறந்தாள். பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. அவள் நிற்கவில்லை.

"அப்ப நாலு வயசுக் குழந்தைம்மா நீ. பச்சையா எரிஞ்சா அழுத்தத்தான் செய்யும்."