இன்னும் ஒரு சேலை காட்டு கண்ணு

"அந்தப் பச்சையைப் பிரி கண்ணு."

ரஞ்சிதா சொன்னதும் விற்பனைப் பெண் பச்சைச் சேலையைப் பிரித்தாள்.

"ஆடித் தள்ளுபடியில பாதி விலைங்க்கா. ஆயிரத்து எண்ணூறு, இப்பத் தொள்ளாயிரம்."

ரஞ்சிதா விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினாள். அடியில் இன்னொரு பழைய சீட்டு எட்டிப் பார்த்தது.

"நெசமான வெலையே ஆயிரந்தான். ஏத்தி ஒட்டிப்போட்டு எறக்கியிருக்காங்க. வேண்டாஞ்சாமி. அந்த ஊதாவை எடு."

அவள் கணவர் செங்கோட்டையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுச்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி சேலம் வந்ததே ஒரே ஒரு சேலைக்காகத்தான். ஆவணியில் கொழுந்தியாள் மகள் கல்யாணம், அதற்குக் கட்டிக்கொள்ள. பத்து நிமிட வேலை. இவளோ கடைக்குள் நுழைந்ததும், "முட்டி வலிக்குது, மெத்தையில உக்காந்துதான் பாப்பேன்" என்று மூன்றாவது மாடிக்கு வந்து சப்பணம் போட்டவள்தான். எழுந்திருக்கிற வழியையே காணோம்.

எதிரே உட்கார்ந்திருந்த விற்பனைப் பெண் அறிவுச்செல்வி, பக்கத்தில் அடுக்கியிருந்த கட்டிலிருந்து ஊதாவை எடுத்தாள்.

ரஞ்சிதா பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து ஓரத்தைத் தேய்த்தாள். கைக்குட்டை ஊதாவானது.

"ஒரு தண்ணிக்குத் தாங்காது. அடுத்தது?"

"அடுத்தது வாங்கறாப்பலயா, சும்மா பாக்கறாப்பலயா?" செங்கோட்டையன் பல்லைக் கடித்தார்.

"பாக்காம எப்படிங்க வாங்கறது? தள்ளுபடின்னு கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போயி, பீரோவுல பூட்டி வெக்கறதா?"

பேச்சில் இவளை ஜெயிக்க முடியாது. ஆனால் செங்கோட்டையனின் கவலை வேறு. சற்று முன்னால்தான் பக்கத்து மெத்தையில் ஒரு குடும்பம் எதுவும் எடுக்காமல் எழுந்து போனது. கழுத்தில் டை கட்டிய சூப்பர்வைசர் உடனே வந்து, "இவ்வளவு நேரம் காட்டி ஒண்ணுகூட விக்கத் தெரியலையா? இப்படியே போனா நாளையிலருந்து வராதே" என்று அங்கிருந்த பெண்ணை எல்லார் எதிரிலும் நாறடித்துவிட்டான். அதே ஆள் இப்போது இங்கே வந்து நின்றான்.

"அறிவு, மேடம் எடுத்தாச்சா?"

"பாத்துட்டிருக்காங்க சார்."

அவன் முறைத்துவிட்டுப் போனான். இவள் கடைசியில் ஒன்றும் எடுக்காமல் எழுந்தால், இந்தப் பிள்ளைக்கும் அதே கதிதான். யார் பெற்ற பிள்ளையோ, வயிற்றுப் பாட்டுக்கு இங்கே வந்து இவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

"போதும் சாமி, நீ எந்திரி. இவ எடுக்க மாட்டா" என்றார் செங்கோட்டையன்.

அறிவுச்செல்வி கையை ஊன்றி எழப் போனாள்.

"எங்க எந்திரிக்கற? உக்காரு!" ரஞ்சிதா அதட்டினாள். "அந்தக் கட்டு பூராவும் இன்னும் பாக்கல. நீ எங்கயும் ஓட வேண்டாம், கைக்கு எட்டறதையே காட்டு."

மறுபடியும் சேலை, மறுபடியும் குறை. ஒன்றில் ஜரிகை பிசிறு. ஒன்றில் மடிப்பில் சாயம் வெளுத்திருந்தது. இன்னொன்று போன வருஷமே விற்காமல் கிடந்த சரக்காம். இதில், பார்த்த சேலையை எல்லாம் இவளே மடித்துக் கொடுக்கிற வேலை வேறு! வீட்டில் கொடியில் காய்கிற துணியை மடிக்க ஆளில்லை, ஊரான் கடைச் சேலையை நீவி நீவி மடிக்கிறாள்.

பசி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். செங்கோட்டையன் இன்னும் இரண்டு தடவை அந்தப் பெண்ணை எழச் சொன்னார். இரண்டு தடவையும் ரஞ்சிதா உட்கார வைத்தாள்.

சாப்பிடப் போன பெண்கள் திரும்பி வந்தார்கள். "அறிவு, சாப்பாட்டுக்கு உன்ற முறை" என்று ஒருத்தி கூப்பிட்டாள்.

அதுவரை அசையாத ரஞ்சிதா சட்டென்று தன் முழங்காலுக்கடியிலிருந்து ஒரு மாம்பழ நிறச் சேலையை உருவினாள்.

"இதைப் பில் போடு கண்ணு. தள்ளுபடி இல்லாட்டியும் நல்ல நெசவு, பத்து வருசம் வரும்."

சூப்பர்வைசரையும் கூப்பிட்டாள். "இந்தப் புள்ள பொறுமையாக் காட்டுச்சுங்க. அதனாலதான் எடுத்தேன். அது பேர்லயே எழுதிக்குங்க."

படியில் இறங்கும்போது செங்கோட்டையன் வெடித்தார்.

"அந்தச் சேலைய எப்பப் புள்ள எடுத்து வெச்ச?"

"வந்து உக்காந்ததுமே. மூணாவதாக் காட்டுச்சு. புடிச்சுப்போச்சு."

"அப்புறம் என்ன எழவுக்கு அந்தப் புள்ளைய அந்தப் பாடு படுத்துன? உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குதா?"

ரஞ்சிதா படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க கீழ பையைக் குடுத்துட்டு டோக்கன் வாங்கப் போனீங்கல்ல? நான் முன்னால மேல வந்துட்டேன். அப்ப அந்தப் புள்ள தூணுல சாஞ்சு நின்னுச்சு. ரெண்டு காலும் வீங்கிக் கெடந்துது. 'சாயாதே, நேரா நில்லு'ன்னு அந்த டை கட்டுனவன் வெரட்டறான். காத்தால கடை தொறந்ததுலருந்து நிக்குதாமா. மெத்தையில சேலை பாக்க ஆளு வந்தாத்தான் அதுகளும் உக்காரலாமாம். சோத்து நேரம் வரைக்குமாவது உக்காரட்டும்னு நான் ஒவ்வொண்ணாப் பிரிக்கச் சொன்னா, பாவம் பாக்கறேன்னு நீங்கதான் அதை எந்திரி எந்திரின்னு உசுர வாங்குனீங்க!"