மூவாயிரம் சி.சி.

"அவரைக் கேக்காதீங்க. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க."

வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் இப்படிச் சொல்ல, சேல்ஸ்மேனுக்கு முகம் சுருங்கிப்போனது. பழைய கார்கள் விற்கும் அந்தக் கடையில் அவனுக்குத் 'தள்ளுபடி' என்று பெயர். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே விலையைக் குறைத்துவிடுவான். இன்று அவன் செய்த தப்பெல்லாம், அவள் கணவரைப் பார்த்து, "காபி சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டதுதான்.

கணவர் அவன் பக்கமே திரும்பவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கார்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

'பாவம் மனுஷன். வீட்டுல வாயைத் திறக்க விட்டாத்தானே இங்க திறப்பார்' என்று நினைத்துக்கொண்டான் தள்ளுபடி.

"ஸ்போர்ட்ஸ் கார் வேணும்னு போன்ல சொன்னீங்க. ஓட்டப்போறது யாரு மேடம்?"

"நான்தான்."

"வேகமா ஓட்டுவீங்களா?"

"நாப்பதைத் தாண்டினா எனக்குக் கை நடுங்கும்."

வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கார்களைக் காட்டினான். ஒரே கம்பெனி, ஒரே மாடல். எஞ்சின்தான் வேறு.

"சிவப்பு, ஆயிரத்து அறுநூறு சி.சி. உங்களுக்கு அதுவே அதிகம். சாம்பல் கலர், மூவாயிரம். பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்கும். நாப்பதுல போறவங்களுக்கு அது எதுக்கு மேடம்?"

"ரெண்டையும் பாத்துடறேன். நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒரே ரோடு, ஒரே வேகம். நான் கெமிஸ்ட்ரி டீச்சர். ரெண்டு சோதனைக்கும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

முதலில் சிவப்பு. ஏறி உட்கார்ந்தவள் கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றினாள். வெறும் பாதத்தைத் தரையில் பதித்து, உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தமே பிடிக்காதவள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வந்திருக்கிறாள் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான் அவனுக்கு. பேசினாலும் கேட்காது என்பதால் பேசாமல் ஓட்டினான். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினார்கள்.

அடுத்து சாம்பல். மறுபடியும் புதுப் பஞ்சு, வெறும் பாதம், மூடிய கண். பாலத்தை நெருங்கும்போது அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அந்த அம்மாளின் கன்னத்தில் ஈரம்.

கடைக்கு வந்ததும் பஞ்சை எடுத்தாள்.

"பயந்துட்டீங்களா மேடம்? அதான் சொன்னேன், சிவப்பையே எடுத்துக்குங்க. எஞ்சின் ஓடுறதே தெரியாது. பூனை மாதிரி போகும்."

"ஆமா, ஒண்ணுமே தெரியலை. சாம்பலையே எடுத்துக்கறேன்."

"மேடம், காசு உங்களோடது. ஆனா மனசுல பட்டதைச் சொல்லிடறேன். அக்கம்பக்கம் பாக்கறதுக்காக இவ்வளவு பெரிய எஞ்சினை வாங்கி, அதை நாப்பதுல ஓட்டறது வண்டிக்கே அவமானம். சாரையாவது ஒரு வார்த்தை கேளுங்க."

"கேக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நடந்தாள்.

கூப்பிடவில்லை. தோளைத் தொட்டாள். திரும்பியவர் காரைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து சாம்பல் காரின் முன் இருக்கையில் உட்கார வைத்தாள். தானே குனிந்து அவர் ஷூவைக் கழற்றினாள். தள்ளுபடிக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

சுற்றி வந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. அவர் கையை எடுத்து டாஷ்போர்டுப் பலகையின் மேல் வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தாள்.

தொங்கிக் கிடந்த அவருடைய தோள் நிமிர்ந்தது. இன்னொரு கையும் தானாகப் பலகைக்குப் போனது. விரல்கள் எதையோ எண்ணுவதுபோல் அசைந்தன.

"ஆறு சிலிண்டர். மூவாயிரமா?"

கடையே திரும்பிப் பார்க்கும்படி அத்தனை சத்தமாகக் கேட்டார்.

அவள் அவர் முகத்துக்கு நேரே ஆமாம் என்று தலையாட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன மேடம், சார் பக்கத்துல இருந்துக்கிட்டே இவ்வளவு சத்தமா..." என்று ஆரம்பித்த தள்ளுபடிக்குப் பாதியிலேயே வார்த்தை நின்றுவிட்டது.

"ரேஸ் வண்டிக்கு எஞ்சின் செட் பண்றவர். காதை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவார். போன வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து ஆளைத் திருப்பிக் குடுத்துச்சு, காதை எடுத்துக்கிச்சு. அன்னிக்கு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டினவர்தான். எந்த வண்டியையும் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கறார். இன்னிக்கும், நான் ஸ்கூல் போக ஒரு கார் வேணும்னு பொய் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

பக்கத்தில் அவர் கடையையும் மறந்து, ஆட்களையும் மறந்து, பெஞ்சில் தாளம் போடும் பையனைப்போல் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் மிதி என்று அவளுக்குச் சைகை காட்டினார்.

தள்ளுபடி கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டான். "சின்ன எஞ்சினே போதும்னு நான் வேற..." என்று இழுத்தான்.

அவள் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"உங்க மேல தப்பில்லை தம்பி. ஆனா இது மட்டும்தான் அவருக்குக் கேக்குது."