அழுதால் நம்பாதே

‘அழுவாள். நம்பாதே. சிரிப்பாள். அதையும் நம்பாதே.’

மேசைக்கு அடியில், மடியில் விரித்துவைத்திருந்த கடிதத்தைத் தங்கை நான்காவது முறையாகப் படித்தாள். எதிரே அக்கா, படிய வாரிய தலையும் மடிப்புக் கலையாத உடையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரில் யாரை மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்திருக்கிறார்கள் என்று கேட்டால், எவரும் தங்கையைத்தான் கைகாட்டுவார்கள்.

“இன்னிக்கு என்ன தேதி, டீச்சர்?” என்றார் டாக்டர்.

அக்கா தேதியைச் சொன்னாள். கிழமையைச் சொன்னாள். டாக்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் அசடு வழிந்துகொண்டே பொத்தானைச் சரிசெய்தார்.

“நேத்து மத்தியானம் நடுரோட்டுல நின்னு லாரியை மறிச்சீங்களாமே?”

“நின்னுச்சுல்ல?”

“டிரைவர் பிரேக் போட்டாரு. நூலிழையில தப்பிச்சிருக்கீங்க.”

“அவரு எங்க போட்டாரு? நான்தான் போட வெச்சேன். நாளைக்கு ரயிலையே நிறுத்திக் காட்டுறேன், வாங்க.” நாளைக்கு என்ன பாடம் என்று வகுப்பில் சொல்வதுபோல் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடினார். ஒன்பது நாளாக அக்கா கண்ணை மூடவில்லை. தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் நிலையில் நோயாளி இல்லையென்றால், பொறுப்பாளரின் கையெழுத்தோடு முப்பது நாள் கட்டாயமாக வைத்துச் சிகிச்சை தரலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்துக்கு அக்கா தங்கை என்று யாரும் கிடையாது.

பொறுப்பாளர் தங்கைதான். படிவம் அவள் முன்னால் வந்தது.

“நீங்க போடலேன்னா அவங்க இப்பவே எழுந்து வீட்டுக்குப் போகலாம். என்னால தடுக்க முடியாது” என்றார் டாக்டர்.

“போடாதடி” என்றாள் அக்கா. அவள் கண் சட்டென்று நிறைந்துவிட்டது. “போன தடவை பூட்டி வெச்சதே போதும்டி. ஜன்னல்கூட இல்லாத ரூம்டி அது.”

தங்கை எடுத்த பேனாவைப் படிவத்தின்மேல் வைத்துவிட்டாள்.

“ஒன்பதாம் கிளாஸ்ல நீ பெயிலானப்ப, மார்க் அட்டையில அப்பா கையெழுத்தை நான்தானே போட்டுக் குடுத்தேன்? அன்னிக்கு உனக்காக ஒரு கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு எனக்காக ஒரு கையெழுத்துப் போடாம இருக்க மாட்டியா?”

அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த கதை. கடிதத்திலும் அது இருந்தது. ‘மார்க் அட்டைக் கதையை எடுப்பாள். அதற்கு மட்டும் இளகிவிடாதே.’

“கீழ என்ன பார்க்கிற?” அக்கா எட்டிப் பார்த்தாள். “கடிதாசியா? உங்க மாமா எழுதிக் குடுத்தாரா?”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அக்காவின் கணவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். தங்கை கடிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“அவரு நிம்மதியா இருக்கணும், அதுக்கு நான் உள்ள கிடக்கணும். அதானே?”

அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தாள். அப்பா அடிக்க வரும்போதெல்லாம் குறுக்கே வந்து நின்றவள், தூக்கி வளர்த்த தங்கையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். பார்க்கக் கூடாத காட்சி அது. எதிரிக்குக்கூட வரக் கூடாது.

கடைசி வரி இதுதான்: ‘கையெடுத்துக் கும்பிடுவாள். முகத்தைப் பார்க்காதே. போட்டுவிடு.’

தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. போட்டுவிட்டாள். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. கண்ணீர் விழுந்து மை கலைவதற்குள் டாக்டர் படிவத்தை இழுத்துக்கொண்டார். வாசலில் நின்ற நர்ஸ் உள்ளே வந்தாள்.

“என் தங்கச்சி இப்படிப்பட்டவ இல்ல” என்றாள் அக்கா. கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. “எந்தப் பாவிடி உனக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

“நீதான்க்கா.” தங்கை கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். “போன தடவை குணமாகி வீட்டுக்குக் கிளம்பினியே, அன்னிக்கு. டாக்டர் முன்னாடி உட்கார்ந்து நீயே எழுதி, பொறுப்பாளரா என் பேரையும் போட்டு, என் கையில குடுத்த.”

அக்கா கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தங்கை அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கடிதத்தை மடித்து அவள் கையிலேயே வைத்தாள். பிறகு, அவள் தலையைப் பரிவோடு தடவிக் கொடுத்தாள்.

“எனக்குப் பைத்தியம் பிடிச்சிருந்தது அன்னிக்குத்தான்டி.”