பல்லு அனுப்பின சேதி

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா?

எங்க வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு விழுந்து, பக்கத்துப் பல்லெல்லாம் அந்த இடத்துக்குச் சாய ஆரம்பிச்சுது. சாப்பாட்டை மெல்லவே முடியல. டாக்டரம்மா தாடை எலும்புல ஸ்க்ரூ வச்சு புதுப்பல்லு பொருத்தினாங்க. அந்தப் பல்லுக்குள்ள சின்னதா ஒரு கருவி இருக்கு, இவர் என்ன தின்னாலும் அது என் போனுக்குச் சொல்லிடும். ஒளிச்சு ஜிலேபி தின்னா மாட்டிக்குவார். "இது பல்லா, நீ வச்ச ஒற்றனா?"ன்னு திட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை தூக்கத்துலயே போயிட்டார். ஆம்பளைங்க சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, நான் வீட்டுல இருந்தேன். போன்ல சேதி வந்துச்சு: 'ஐயா பச்சரிசி சாப்பிடுகிறார். மெல்லவில்லை.'

உசுரு இருக்குன்னு நினைச்சு மகன் கதிர்வேலைக் கூப்பிட்டேன். "கொள்ளி வைக்காதடா, அப்பா சாப்பிடறார்."

"அது வாய்க்கரிசிம்மா. இப்பத்தான் போட்டோம்"னு அழுதான்.

மனசைத் தேத்திக்கிட்டு உக்காந்தேன். அரைமணி கழிச்சு மறுபடி வந்துச்சு: 'உணவு அதிகச் சூடு. ஆறவைத்துக் கொடுக்கவும்.'

உங்க வீட்டுலயும் யாருக்காவது இந்தப் பல்லு இருந்துச்சா? தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி எடுத்தீங்களா? எழுதுங்க.