டக் வேண்டாம்

1958 ஆடி மாதம். தென்காசியில் சேக் தாவூதின் ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததுமே குற்றாலிங்கம் மனைவியை அவசரப்படுத்தினார்.

"சீக்கிரம் எடு. கொய்யாக் கன்னு வைக்க ஆளு புறவாசலக் கொத்திக்கிட்டு இருக்கான்."

"முருங்கை மரத்து மூட்டுல கொத்த வேண்டாம்னு சொல்லிட்டியளா? அங்கனதான பிள்ள இருப்பா."

"சொல்லாம வருவனா?"

உலகம்மாள் சிவப்பில் பூப்போட்ட துணியைத் தொட்டுப் பார்த்தாள். "எட்டு வயசுப் பிள்ளைக்கு, பாவாடைக்குக் கிழிங்க பாய்."

"கொஞ்சம் கூடவே கிழிக்கேன்மா. வளர்ற பிள்ள. ரெண்டு டக் பிடிச்சுத் தச்சா அடுத்த வருசமும் உடுத்தலாம்."

"டக் வேண்டாம்."

சேக் தாவூது சிரித்தார். "போன ஆடியிலயும் எட்டு வயசுன்னுதான சொன்னிய? பிள்ள வளரவே இல்லையா?"

உலகம்மாள் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். குற்றாலிங்கம்தான் பதில் சொன்னார்.

"அவ வளர மாட்டா பாய். குத்தாலத்துல குளிக்கப் போனவள அருவி வெள்ளம் இழுத்துட்டு. முருங்கை மூட்டுல பீடம் போட்டு, வீட்டுக் கன்னியாக் கும்பிடுதோம். வருசாவருசம் ஒரு பாவாடை வைப்போம்."

சேக் தாவூது அளவுகோலைக் கீழே வைத்தார்.

"அல்லாவே! தெரியாமக் கேட்டுட்டேன். ஒங்க மகளா அண்ணாச்சி?"

"இல்ல. எங்க தாத்தாவுக்கு அக்கா."

சேக் தாவூது எழுந்து நின்றார். எட்டு வயதுக்குச் சரியாக அளந்தார். கிழிக்கும் முன் உலகம்மாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அவுகளுக்குச் சிவப்பு பிடிக்குமாம்மா?"