இரவல் நாக்கு

“என் மூக்கு செத்துப்போச்சு சார். ஏழு மாசம் ஆகுது.”

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார் அவர். வெளிநாட்டு ஒயின்களை வரவழைத்து ஓட்டல்களுக்கு விற்கும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக முகர்ந்து சுவை பார்ப்பவர். எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று அவர் எழுதிக் கொடுப்பதுதான் அங்கே சட்டம். லிப்ட் ஓட்டுபவர்கூட அவரை ‘மூக்கு சார்’ என்றுதான் சொல்வார்.

முதலாளி பேனாவை மூடி வைத்தார்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் பெட்ரோலும் ஒன்றுதான் இப்போது. தானே திரும்பி வரும் என்றார் டாக்டர், வந்தபாடில்லை. வேலை போய்விடும் என்பதைவிட, ‘மூக்கு சார்’ என்று கூப்பிட்டவர்கள் அதே பேரைச் சொல்லிச் சிரிப்பார்களே என்ற அவமானம்தான் அவர் வாயைக் கட்டிப்போட்டது. இதையெல்லாம் மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

“அப்போ போன மாசம் அஞ்சு நாட்டு ஒயினை ஒப்பிட்டு எழுதிக் கொடுத்தீங்களே? பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா எல்லாத்தையும் தள்ளிட்டு சிலிக்கு முதலிடம் கொடுத்தீங்களே?”

“எழுதினது நான் சார். ருசி பார்த்தது என் வீட்டுக்காரி.”

அவருக்குக் காது மடல் வரை சுட்டது. ஆனாலும் தொழில் நியாயம் தவறவில்லை என்றார். எந்த நாட்டுச் சரக்கு என்று தெரிந்தால் நாக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பதால், மாதிரி பாட்டில்கள் துணி சுற்றி எண் போட்டுத்தான் அவர் வீட்டு மேஜைக்கு வரும். இத்தனை வருடமாக மனைவிதான் அதைச் செய்கிறாள், இப்போதும் அதில் குறை வைக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். நாளை ஓட்டல் முதலாளிகளை உட்காரவைத்து அதே ஐந்து நாட்டையும் நேரில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதனால்தான் இன்று வாயைத் திறந்தார்.

முதலாளி மூடிய பேனாவை மேஜைமேல் உருட்டினார். பிறகு, செய்தது தப்புதான், ஆனால் சிலி ஒயின் சக்கைப்போடு போடுகிறதே என்றார்.

“நாளைக்கு உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. உங்க நாற்காலியில அவங்க உட்காரட்டும்.”

வீட்டுக்கு வந்தபோது மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு என்று அவளை நாலு பேர் முன்னால் கிண்டல் செய்ததும், மானம் போய்விடும் என்று கம்பெனி விருந்து ஒன்றுக்குக்கூட அவளை அழைத்துப் போகாததும் வரிசையாக நினைவுக்கு வந்து குத்தின. கடைசியில் அந்த நாக்கில்தான் ஏழு மாதமாக அவர் பிழைப்பு ஓடியிருக்கிறது. வெட்கத்தில் அவர் குரல் உடைந்தது.

“என்னை மன்னிச்சுடும்மா. நாளைக்கு எல்லார் முன்னாடியும் இது உன் நாக்குன்னு நானே சொல்றேன்.”

அவள் முகம் வெளிறிவிட்டது. “நான் வரமுடியாதுங்க.”

“கூச்சமா இருக்கா?”

இல்லை என்று தலையாட்டினாள். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“ஒரு சொட்டுகூட என் நாக்குல பட்டதில்லங்க. அந்த வாடையே எனக்கு ஆகாது. உங்க முன்னாடி குடிக்கக் கூச்சமா இருக்குன்னு சொல்லி உள்ள எடுத்துட்டுப் போவேன்ல, அப்படியே தொட்டியில கொட்டிடுவேன்.”

“அப்போ பழ வாசனை, மரப்பீப்பாய் வாசனைன்னு நீ சொன்னதெல்லாம்?”

“துணி சுத்தும்போது பாட்டில் பின்னாடி அச்சடிச்சிருக்கிறதைப் படிச்சு வச்சுக்குவேன். முதல் நாள் நீங்க அப்படி அழுதீங்க. எனக்கும் ஒண்ணும் தெரியலன்னு சொல்ல மனசு வரல.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐந்து நாட்டு வியாபாரிகளும் தங்களைத் தாங்களே மெச்சி எழுதிக்கொண்டதற்கு, தன் கையால் மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். சுவரைப் பார்த்தபடி, ஈனக் குரலில் கேட்டார்.

“சரி, சிலிக்கு ஏன் முதலிடம் கொடுத்தே?”

அவள் தலை நிமிரவில்லை.

“அவன் ஒருத்தன்தாங்க தன்னைப் பத்தி ரொம்பப் பீத்திக்காம எழுதியிருந்தான்.”